தண்ணீர் வேண்டாம், தூரிகை போதும்
வாசகர் கேள்வி பதில்: சாமி மேடையில் மரச்சிலை

வீட்டில் வைக்கும் மரச்சிலைகள் பற்றிச் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வந்த கடிதங்களில், பலருக்கும் உதவக்கூடிய ஆறு கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து ஒன்றரை அடி முருகன் சிலை கொண்டு வந்தோம். சாமி மேடை இருக்கும் ஹாலில் இந்த வருடம் ஏர்கான் போட்டோம். இரண்டே மாதத்தில் கழுத்திலிருந்து மார்பு வரை வெடித்துவிட்டது. கெட்ட சகுனம் என்கிறார் மாமியார். மரத்தூளில் பசை கலந்து அடைத்துவிடலாமா?

பதில்: சகுனம் ஒன்றுமில்லை அம்மா, ஏர்கான் செய்த வேலை. ஜன்னல் திறந்து கிடக்கும் நம் ஊர் வீட்டில் மரம் 14 முதல் 16 விழுக்காடு வரை ஈரம் பிடித்து வைத்திருக்கும். நாள் முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் அது 10, 12க்கு இறங்கிவிடும். ஈரம் போனால் மரம் சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்கினால் தொல்லையே இல்லை. ஆனால் கட்டையின் வெட்டு முகத்தில் தெரியும் வளையத்தை ஒட்டிய திசையில் மரம் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வளையம் இறுகும், நடுப்பகுதி விட்டுக்கொடுக்காது, கடைசியில் ஓரிடத்தில் பிளக்கும்.

சிலையை மெத்தைமேல் படுக்க வைத்துப் பீடத்தின் அடியைப் பாருங்கள். வளையங்களின் நடுப்புள்ளி பீடத்துக்குள்ளேயே தெரிந்தால், அது முழு உருளைக் கட்டையில் செதுக்கிய சிலை. வெடிப்பு அந்தப் புள்ளியை நோக்கித்தான் போயிருக்கும். வளையங்கள் வில் வில்லாக மட்டும் தெரிந்தால், கட்டையைப் பிளந்து நடுத்தண்டை நீக்கிவிட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். அப்படிச் செய்த சிலை வெடிப்பது குறைவு. இனி யார் சிலை வாங்கப் போனாலும், முகத்தழகில் மனம் போவதற்கு முன் பீடத்தடியைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். நூற்றுக்கணக்கில் ரிங்கிட் கொடுத்து வாங்குகிறவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லையே என்பது எங்கள் ஆதங்கம்.

இப்போதைக்கு அடைக்க வேண்டாம். தூளும் பசையும் சேர்ந்து கல்லாக இறுகிவிடும். மழை நாளில் ஏர்கானை நிறுத்தினால் மரம் மறுபடி ஊதும். அப்போது அந்தக் கல் ஆப்புபோல நின்று வெடிப்பை இன்னும் நீட்டும். வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். தாள் துண்டைச் செருகி ஆழம் பார்த்து, தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று மாதம் நுனி நகராவிட்டால் மரம் அடங்கிவிட்டது என்று பொருள். வெடிப்பு 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால், தேன்மெழுகில் மரநிறப் பொடி கலந்து தேய்த்தால் போதும். அதற்கு மேல் என்றால் அதே மரத்தில், அதே ரேகை ஓட்டத்தில் மெல்லிய சில்லு சீவி, அதன் ஒரு பக்கம் மட்டும் தச்சர் வெள்ளைப் பசை தடவி, சுத்தியல் படாமல் விரலாலேயே அழுத்திச் செருக வேண்டும். மறுநாள் கூர் உளியால் மட்டம் செய்யலாம். இரண்டு பக்கமும் பசை போட்டால் மரம் அசைய இடமில்லாமல் பக்கத்தில் புதிதாக வெடிக்கும்.

சிலையை ஏர்கான் காற்று நேராக அடிக்காத சுவருக்கு மாற்றுங்கள். புதுச் சிலை வந்தால் உடனே மேடையில் ஏற்றாதீர்கள். அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் சுற்றி வைத்து, நாளுக்கு நாள் மூடியைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து, மூன்று நான்கு வாரம் வீட்டுக் காற்றுக்குப் பழக்குங்கள்.

கேள்வி: பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய பிள்ளையார், வெளிர் மஞ்சள் நிறக் கட்டை. காலையில் விளக்கேற்றப் போனால் பீடத்தைச் சுற்றி மைதா மாவு கொட்டியதுபோல் இருக்கிறது. கறையானா?

பதில்: தூளை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். மாவாக வழுக்கினால் துளைவண்டு. நறநறவென்று கசகசாபோல் உருண்டால் உலர்மரக் கறையான். அந்த மணிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆறு பட்டை தெரியும். நீங்கள் சொல்வது துளைவண்டு மாதிரிதான் இருக்கிறது. சிலையில் குண்டூசித் தலை அளவுக்கு, 1 முதல் 2 மில்லிமீட்டரில் வட்டத் துளைகள் இருக்கும், தேடிப் பாருங்கள்.

நிறத்தை வைத்துச் சொன்னால், அது நம் பால் மரமாக இருக்கலாம். 25, 30 வருடம் பால் வெட்டியபின் மறுநடவுக்காகச் சாய்க்கிற அதே ரப்பர் மரம். செதுக்க நல்ல மரம்தான், உளிக்கு இணக்கமாக வரும். ஆனால் மாவுச்சத்து நிறைந்தது. வயிரம், அதாவது நடுவிலுள்ள கெட்டி மரம், தனியாகப் பிரிந்து நிற்காத மரம் என்பதால் கட்டை முழுவதுமே வண்டுக்குச் சாப்பாடு. வெட்டிய சில நாளிலேயே நீலப்பூஞ்சையும் ஏறிவிடும். அதனால்தான் மேசை நாற்காலி செய்யும் ஆலைகள் பலகையை அறுத்த கையோடு போரான் கரைசலை அழுத்தம் கொடுத்து ஏற்றி, பிறகு சூளையில் உலர்த்துகின்றன. அந்தப் பக்குவம் செய்யாத கட்டையில் செதுக்கினால் இதுதான் கதி.

மேலே மருந்து அடிப்பதில் பயனில்லை, புழு உள்ளே இருக்கிறது. சிலை ஐஸ்பெட்டியின் உறைபெட்டிக்குள் அடங்குமென்றால் அதுவே நல்ல வழி. பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை நாடாவால் ஒட்டி, கழித்தல் 18 டிகிரியில் இரண்டு வாரம் விடுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள். 24 மணி நேரம் அப்படியே இருந்தால்தான் வேர்க்கிற நீர் பைக்கு வெளியே நிற்கும், சிலைமேல் படியாது. சுண்ணப் பூச்சின்மேல் வண்ணம் தீட்டிய சிலைகளுக்கு மட்டும் இந்த வழி ஆகாது, பூச்சு உதிரும். அடங்காத பெரிய சிலைக்கு, மரவண்டுக்கென்று விற்கும் பெர்மெத்ரின் மருந்தை ஊசியால் ஒவ்வொரு துளைக்குள்ளும் ஏற்றலாம். கையுறை போட்டு வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். வாடை முழுக்கப் போகும்வரை விளக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பிறகு துளைகளை மெழுகால் அடைத்து, சிலைக்கு அடியில் கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். மூன்று மாதம் அதில் வெள்ளைத் தூள் விழவில்லையென்றால் வண்டு ஒழிந்தது. வார்னிஷ் பூசிய இடத்தில் வண்டு முட்டையிடாது. மரத்தின் திறந்த நுண்துளையில்தான் இடும். பெரும்பாலான சிலைகளில் பூசாமல் விட்ட இடம் பீடத்தின் அடிப்பக்கம். அங்கே இரண்டு கை வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

கேள்வி: தைப்பூசத்தன்று எங்கள் மர முருகனுக்குப் பாலபிஷேகம் செய்ய ஆசை. கூடாது என்கிறார் அண்ணன். காஞ்சிபுரத்து அத்திவரதர் குளத்துக்குள்ளேயே இருக்கிறாரே, அவர் கெடவில்லையே?

பதில்: அண்ணன் சொல்வதே சரி. அத்திவரதர் 1979க்குப் பிறகு 2019இல் வெளியே வந்து 48 நாள் தரிசனம் தந்துவிட்டு மறுபடி குளத்துக்குள் போனார். முழுக்க நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் மரத்துக்குக் காற்று கிடைக்காது. காற்றில்லாமல் மரத்தை மக்க வைக்கும் பூஞ்சை வளராது. மரத்தைக் கெடுப்பது நனைவதும் காய்வதும் மாறி மாறி வருவதுதான். வாரம் ஒரு பாலபிஷேகம் என்றால் அதைத்தான் செய்கிறோம். பாலின் கொழுப்பும் சர்க்கரையும் செதுக்கு இடுக்கில் தங்கிப் புளிக்கும், எறும்பு வரும், கறுப்புப் பூஞ்சை படரும். மரத்திலும் சுதையிலும் அமைந்த மூர்த்திகளுக்குக் கோயிலிலேயே தைலக்காப்புதானே சாத்துகிறார்கள்.

சிலைக்கு முன் தாம்பாளத்தில் சிறிய செம்பு வேல் ஒன்றை வைத்து, அதற்கு அபிஷேகம் செய்யுங்கள். பாலும் பன்னீரும் ஆசைதீர ஊற்றலாம். சந்தனத்தையும் குங்குமத்தையும் மரத்தின்மேல் நேராக இடாமல், நெற்றி அளவுக்கு வெட்டிய வெள்ளித் தகட்டில் இட்டுச் சாத்துங்கள். மஞ்சள் கறை மரத்தில் ஏறினால் போகவே போகாது. விளக்கு ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும்.

இன்னொன்று: பளபளப்புக்காக நல்லெண்ணெய் தடவுகிறார்கள். சமையல் எண்ணெய் உலராது. பிசுபிசுத்துத் தூசியும் ஊதுவத்திச் சாம்பலும் அப்பிக்கொண்டு ஆறு மாதத்தில் சாமியின் கண் இமையே தெரியாது. வார்னிஷ் இல்லாத சிலைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்து, 20 நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்து, நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு நாள் காயவிட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை போதும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பெரிய பலா மரம் விழுந்துவிட்டது. அதில் பத்து அங்குல விநாயகர் செதுக்கித் தர ஒருவர் சம்மதித்திருக்கிறார். கட்டையை என்ன செய்து வைக்கட்டும்?

பதில்: கொடுத்துவைத்தவர் நீங்கள். வீணையும் மிருதங்கமும் செய்கிற மரம் அது. மஞ்சள் வயிரத்தை வண்டு எளிதில் தொடாது.

இன்றைக்கே முதல் வேலையாகக் கட்டையின் இரண்டு வெட்டு முகத்திலும் பழைய பெயிண்டையோ உருக்கிய மெழுகையோ கெட்டியாகப் பூசுங்கள். நுனி வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், அங்கேதான் முதல் வெடிப்பு விழும். பத்து அங்குலச் சிலைக்குப் பதினான்கு அங்குல நீளம் வெட்டுங்கள், இரண்டு முனையிலும் இரண்டிரண்டு அங்குலம் கழிவுக்குப் போகட்டும். பிறகு நடுத்தண்டு வழியாக இரண்டாகப் பிளந்து, வெளிப்புறத்து வெளிர் மரத்தைச் சீவி எறியுங்கள். மழை படாத, வெயில் விழாத இடத்தில், தரையில் படாமல் குச்சிகள்மேல் அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர் கணக்கு. ஐந்து அங்குலக் கனமுள்ள கட்டைக்கு ஐந்து வருடம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இராது. அதனால் சிற்பியிடம் இப்போதே உருவத்தை மட்டும் ஓர் அங்குலம் கூடுதல் சதையோடு பருவெட்டாக வெட்டித் தரச் சொல்லி, வயிற்றுக்குப் பின்புறம் குடைந்து, அதை உலர விடுங்கள். கனம் குறைவதால் ஒன்றரை, இரண்டு வருடத்தில் ஆகிவிடும். மாதம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதுங்கள். மூன்று மாதம் எடை மாறாமல் நின்றால் முகம் செதுக்க நேரம் வந்துவிட்டது.

கேள்வி: கையால் செதுக்கியதா, இயந்திரத்தில் வெட்டியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஈட்டி மரம் என்று சொல்லி விலை கூட்டுகிறார்கள்.

பதில்: காதுக்கும் குண்டலத்துக்கும் நடுவில், தூக்கிய கைக்குப் பின்னால் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். கை உளி வளைந்து அடியில் புகுந்து குடைந்திருக்கும். சாதாரண வெட்டு இயந்திரம் மேலிருந்து மட்டுமே இறங்கும் என்பதால் அந்த இடங்கள் மொத்தமாக ஒட்டிக்கிடக்கும். மூலைகளில் சீப்பு இழுத்ததுபோல் இணைகோடும் தெரியும். நின்ற கோலத்தில் இன்னொரு சோதனை உண்டு. முடிக்கரையிலிருந்து தாடை வரை தாளில் அளந்து, அந்த அளவை உடம்பில் அடுக்குங்கள். நவதாளம் என்ற சிற்ப அளவுமுறையில் உயரம் 108 அங்குலம், முகம் 12, ஆக ஒன்பது முகம். இந்த அங்குலம் அளவுகோல் அங்குலம் இல்லை, அந்தச் சிலைக்கே உரிய பங்கு. நவதாளத்தில் அமைய வேண்டிய சிலையில் ஆறு ஏழு முகத்திலேயே பாதம் வந்துவிட்டால் தாளம் அறியாதவர் செய்தது.

தமிழ்நாட்டின் தம்மம்பட்டியிலும் அரும்பாவூரிலும் வாகை இனத்து மரங்களில் நிறையச் செதுக்குகிறார்கள். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தைப்பிங் ஏரிப் பூங்காவில் நீர்மேல் கவிந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரமும் வாகைக்கு உறவுதான். நல்ல மரமே, ஆனால் கருஞ்சாயம் ஏற்றி ஈட்டி விலைக்கு விற்பது தவறு. பீடத்தடியை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் சாயம் விலகி உள்நிறம் வெளிவரும். உண்மையிலேயே ஈட்டியோ செம்மரமோ என்றால் இரண்டும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. ரசீதில் மரத்தின் பெயரை எழுதிக் கேளுங்கள், நாடு விட்டு நாடு கொண்டுபோகும்போது காட்ட வேண்டி வரலாம்.

கேள்வி: துடைக்கும்போது மர வேலின் நுனி முறிந்துவிட்டது. சிலையையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேல் தனியாகச் செய்து செருகியதாக இருந்தால், அதை மட்டும் புதிதாகச் செய்து மாற்றுங்கள். ஒரே கட்டையில் வந்தது என்றால், முறிந்த துண்டைத் தொலைக்காமல் தாளில் மடித்து வையுங்கள். முறிந்த முகத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள், நார்கள் ஒன்றோடொன்று கோத்து உட்காருவது அந்தக் கரடில்தான். வெள்ளைப் பசை தடவி, நூலால் சுற்றிக் கட்டி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள். கை, முகம் போன்ற பெரிய அங்கம் சிதைந்தால் மட்டும் கோயில் குருக்களைக் கேட்டு முடிவெடுங்கள். சிதைந்த மரச்சிலையை நெருப்பில் சேர்க்கச் சொல்கிறது அக்கினி புராணம், ஆற்றில் விட அவசியமில்லை. அடுத்த முறை துடைக்கத் துணியை விட்டுவிட்டு, மெல்லிய பெயிண்ட் தூரிகையை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். துணியின் நூல்தான் வேல் நுனியிலும் விரலிலும் மாட்டி இழுக்கிறது.