மீன் ஏணியும் மண்சரிவும்

கேள்வி: ஆற்றின் பழைய தடுப்பணையை இடித்துவிட்டு, மீன்கள் மேலேற மீன் ஏணி (படிப்படியாக உயரும் நீர்த்தொட்டிகள்) கட்டப்போகிறார்கள். நேர் மேலே, சரிவில் சாலை போகிறது. மழைக்காலம் முடிந்த பிறகுதான் வேலை என்கிறார்கள். அப்படியும் மண் சரியுமா?

பதில்: சரியும். மழை நின்றாலும் கரைக்குள் தண்ணீர் இருக்கிறதே! பல ஆண்டுகள் நீர் தேங்கி நின்ற கரை ஊறிக் கிடக்கும். மதகைத் திறந்து மளமளவென்று மட்டத்தை இறக்கினால், வெளியே தாங்கி நின்ற நீர் போய்விடும். மண்ணுக்குள் இருப்பது அந்த வேகத்தில் வடியாது. அந்த உள்ளழுத்தமே கரையை ஆற்றுப் பக்கம் தள்ளிவிடும். நாளொன்றுக்கு 30 செ.மீ. போல இறக்கலாம், களிமண் கரை என்றால் இன்னும் மெதுவாக. மண்ணுக்குள் நிற்கும் நீரை அளக்கும் பீசோமீட்டரில் உள்நீர் இறங்கவில்லையா, அன்றைக்கு மதகை மூடிவிட வேண்டும்.

அடுத்தது அடிவாரம். ஏணித் தொட்டிகளுக்காகத் தோண்டும் மண்தான் மேல்சரிவைத் தாங்கி நிற்கிறது. ஒரே மூச்சில் நீளமாக வெட்டக் கூடாது. 3 முதல் 5 மீட்டர் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று வெட்டி, சுவர் எழும்பிய பிறகே இடைத்துண்டில் கை வைக்க வேண்டும். அதற்கும் முன்பே, வெளிவாய் தாழ்ந்திருக்கும்படி சரிவுக்குள் துளையிட்டு, துளைகள் உள்ள பிவிசி குழாய்களைச் செருகி நீரை வடித்துவிடுவது நல்லது. வெட்டிய மண்ணைச் சாலையோரம் குவிப்பது படுமோசம். லாரிச் செலவு மிச்சமென்று அதைத்தான் செய்கிறார்கள்!

சாலையில் பிறை வடிவில் விரிசல் தெரிந்தால், இருபுறமும் முளையடித்துத் தினமும் இடைவெளியை அளக்க வேண்டும். நாளுக்கு நாள் வேகமாக விரிந்தால் போக்குவரத்தை நிறுத்துங்கள். தார் ஊற்றி மூடினால் மழைநீர் இறங்காது, அவ்வளவுதான், நகர்வு நிற்காது. ஆற்றின் மேல்பகுதியில் பாலம் இருந்தால் அதன் தூண் அடியையும் பார்க்கச் சொல்லுங்கள். அணை போனதும் ஆற்றுப்படுகை மேல்நோக்கி அரித்துக்கொண்டே போகும்.

கேள்வி: மலைப்பாறை சரிந்து மீன்களின் வழியே அடைபட்டதுண்டா?

பதில்: கனடாவின் ஃபிரேசர் ஆற்றிலேயே இருமுறை. 1914இல் ரயில் பாதை வேலையால் ஹெல்ஸ் கேட் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் பாறை சரிந்து சால்மன் மீன்கள் தடுக்கப்பட்டன. அங்கே மீன் வழிகள் வந்தது 1940களில்தான். 2018 இறுதியில் பிக் பார் என்ற இடத்தின் அருகே சரிந்தது 2019 ஜூனில்தான் தெரியவந்தது. ஆற்றில் 5 மீட்டர் அருவியே உருவாகியிருந்தது. மீன்களை ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று மேலே விட்டார்கள். கீழே ஆட்கள் இறங்குமுன், செங்குத்துப் பாறையில் தளர்ந்து தொங்கிய கற்களைப் பெயர்த்துத் தள்ள வேண்டியிருந்தது.