விலை கொடுத்து வாங்கிய டைல் பேட்டர்ன் அளவு மாறுகிறது

கேள்வி: பெங்களூரு அல்சூரில் தனியாக உள்ளலங்கார வேலை செய்கிறேன். கட்டட வரைபடம் தயாரிக்கும் ரெவிட் மென்பொருளுக்காக டைல், செங்கல், சாதரஹள்ளிக் கல் சுவர் ஆகியவற்றின் ஃபில் பேட்டர்ன் (பரப்பை நிரப்பும் கோட்டு வடிவம்) தொகுப்பை ஓர் இணையக் கடையில் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். 'எல்லாம் உண்மை அளவில்' என்று விளம்பரம் செய்திருந்தார்கள். 1:100 வரைபடத்தில் 3 மீட்டர் சுவரில் ஐந்து டைல் தெரிகிறது. அதையே 1:50க்கு மாற்றினால் பத்து! டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பத் தரமாட்டோம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ஐந்து பத்தானதுமே விஷயம் தெரிந்துவிட்டது. சுவரில் நீங்கள் போட்டிருப்பது டிராஃப்டிங் வகைப் பேட்டர்ன். அளவுகோல் எதுவானாலும் தாளில் அதன் கோடுகளுக்கு இடையே அதே 6 மி.மீ. தான் இருக்கும். வெட்டுமுகத்தில் கான்கிரீட், மண் என்று அடையாளம் காட்ட அது போதும். டைல் போன்றவற்றுக்கு மாடல் வகை வேண்டும். அது நிஜ அளவில் சுவரோடு நிற்கும். அதன் கோட்டைப் பிடித்து நகர்த்தலாம், அளவும் குறிக்கலாம்.

விற்றவரிடம் பேசுமுன், நீங்கள் வாங்கிய பேட்டர்ன் கோப்பை (.pat) நோட்பேடில் திறந்து பாருங்கள். அது வெறும் எழுத்துக் கோப்புதான். நட்சத்திரக் குறியுடன் தொடங்கும் ஒவ்வொரு பெயருக்கும் கீழே, வகை மாடல் என்று அறிவிக்கும் வரி இருக்க வேண்டும். இருந்தால், மாடல் வகையைத் தேர்ந்து மறுபடி ரெவிட்டுக்குள் இறக்குங்கள், சரியாகிவிடக்கூடும். இல்லாவிட்டால் தவறு விற்றவருடையது. அந்த வரியை நீங்களே சேர்த்து ஸ்கேலைத் திருத்தவும் முடியும். ஆனால் அந்த வேலைக்குத்தானே அவருக்குப் பணம் கொடுத்தீர்கள்?

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். விளம்பரப்படுத்திய தன்மை பொருளில் இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர விற்பவர் மறுக்கக் கூடாது. 1:100, 1:50 இரண்டிலும் அந்தச் சுவரைப் படமெடுத்து, விளம்பரத்தின் படத்தையும் சேர்த்து, கடையின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசைந்து கொடுக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். தொழிலுக்காக வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்று கடைக்காரர்கள் வாதிடலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பில் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். 600க்கு 600, 600க்கு 1200 மி.மீ. போன்ற நேர்க் கட்டங்களுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். 'மேனேஜ்' பகுதியில் 'அடிஷனல் செட்டிங்ஸ்', அதில் 'ஃபில் பேட்டர்ன்ஸ்' போய், புதிய மாடல் பேட்டர்னில் 'கிராஸ்ஹேட்ச்' தேர்ந்து இரு இடைவெளிகளையும் எண்ணாகக் கொடுத்தால் முடிந்தது. இணைப்பு மாறி மாறி வரும் செங்கல் கட்டு, ஒழுங்கற்ற கல் சுவர் போன்றவற்றுக்குத்தான் தனிக் கோப்பு தேவைப்படும். அவற்றுக்கும் ஒரு மாதிரிக் கோப்பை முதலில் கேட்டு வாங்கி, இரண்டு அளவுகோலில் சோதித்த பிறகே பணம் கட்டுங்கள்.

கேள்வி: வரைபடத்தில் தெரியும் கட்டங்களை எண்ணி டைல் ஆர்டர் செய்யலாமா? (வைட்ஃபீல்டு வாசகி)

பதில்: வேண்டாம். பேட்டர்ன் என்பது கோடுகள் மட்டுமே. அது டைலை எண்ணாது, வெட்டும்போது வீணாவதையும் அறியாது. தரையின் பரப்பைக் கணக்கிட்டு, பெட்டியில் அச்சிட்ட பரப்பால் வகுத்து, வெட்டுச் சேதத்துக்குக் கூடுதலாகச் சேர்த்து வாங்குங்கள். மூலைவிட்டமாகப் பதித்தால் சேதம் இன்னும் அதிகம். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.