டூரிஸ்ட் விசாவுல போயி ஆஸ்திரேலியாவுல பழம் பறிக்கலாமா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு செம்பனைத் தோட்டத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. பேரு போட வேணாம்னு கேட்டுக்கிட்டாரு, சரி. வயசு 27. யூனிவர்சிட்டியில ரெண்டு வருஷம் முழுசா படிச்சு பாஸ் பண்ணியாச்சு, மூணாவது வருஷம் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து படிப்பை விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டாரு, இப்ப ஈப்போ பக்கம் ஒரு ஃபேக்டரியில ஷிப்ட் வேலை. டவுன்ல ஒரு ஏஜெண்டு, ஆஸ்திரேலியாவுல பழத்தோட்ட வேலை இருக்கு, வாரத்துக்கு 1,500 ஆஸ்திரேலிய டாலர், மொத்தம் 14,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடு நான் அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு. முதல்ல டூரிஸ்டா இறங்கணுமாம், அங்க போனதும் "ஒரு பேப்பர் போடுவோம், பிரிட்ஜிங் விசா வரும், அப்புறம் லீகலா வேலை செய்யலாம்"னு பேச்சு. அம்மா சங்கிலியை அடகு வச்சு 5,000 வெள்ளி கொடுத்தாச்சு, பாஸ்போர்ட்டையும் கொடுத்தாச்சு, ரெண்டு வெத்து ஃபாரத்துல கையெழுத்தும் போட்டாச்சு. "அக்கா, இது சட்டப்படி சரியா, இல்லன்னா காசு திரும்ப கிடைக்குமா"ன்னு கேட்குறாரு.

தம்பி, சரி இல்ல. மிச்ச 9,000 வெள்ளியில ஒரு காசு கொடுக்காதீங்க. இன்னும் நீங்க விமானம் ஏறல, அதனால இப்பவும் எல்லாத்தையும் சரி பண்ணலாம், பதட்டப்படாம கடைசி வரைக்கும் படிங்க.

நீங்க அனுப்புன ரசீது போட்டோவை பெரிசாக்கி பார்த்தேன். கடையில விக்கிற கார்பன் ரசீது புக்குல கிழிச்ச தாள், கம்பெனி பதிவு நம்பர் இல்ல, லைசன்ஸ் நம்பர் இல்ல, முத்திரை கூட இல்ல, "விசா ஃபீஸ் 4,500"ன்னு ஒரு வரி, கீழ "பிராசஸிங்"னு ஒரு வரி. அந்த 4,500க்கு அவர் எடுக்கப்போற விசா எது தெரியுமா, ஈடிஏன்னு சொல்லுவாங்க, மலேசிய பாஸ்போர்ட் வச்சிருக்கிற யாரும் கைப்பேசி ஆப்லயே போடலாம், அதுக்கு சேவை கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர், நம்ம காசுக்கு அறுபது வெள்ளி பக்கம் வரும். நீங்களே வீட்டுல உட்கார்ந்து போட்டுக்கலாம்.

சரி, அந்த ஈடிஏ என்ன தரும்? சுத்திப் பார்க்க, சொந்தக்காரங்களைப் பார்க்க, மீட்டிங் மாதிரி சின்ன பிசினஸ் விஷயத்துக்கு, ஒரு தடவை போனா மூணு மாசம் வரைக்கும் இருக்கலாம். அதுல 8115ன்னு ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கும், பண்ணையில சம்பளத்துக்கு வேலை பார்க்க அது விடாது. உள்ள விடுறது வேற, வேலை செய்ய விடுறது வேற, நம்ம ஆளுங்க நிறைய பேரு மாட்டுறது இந்த இடத்துலதான், விசா ஒட்டியாச்சு அப்ப எல்லாம் ஓகேன்னு நினைச்சிடுறாங்க. எந்த நாட்டு விசாவா இருந்தாலும் அதோட நிபந்தனையை நீங்களே படிக்கணும். ஆஸ்திரேலியாவுக்கு வேவோன்னு அரசாங்கத்தோட ஆன்லைன் சேவை இருக்கு, காசு கிடையாது, பாஸ்போர்ட் நம்பரும் விசா நம்பரும் தட்டுனா என்ன செய்யலாம் என்ன செய்யக்கூடாதுன்னு வரிவரியா காட்டிடும்.

இப்ப அந்த "ஒரு பேப்பர்". இதைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா ஏஜெண்டு இதைத்தான் லீகல்னு சொல்லி விக்கிறாரு. அது அகதி பாதுகாப்பு விசாவுக்கான விண்ணப்பம் தம்பி. சொந்த நாட்டுல உயிருக்கு ஆபத்து, திரும்பிப் போனா கொடுமைப்படுத்துவாங்கன்னு சொல்லி அடைக்கலம் கேட்குற பேப்பர். உண்மையிலேயே அந்த நிலையில இருக்கிறவங்களுக்காக வச்ச வழி அது. உங்களுக்கு சுங்கை சிப்புட்ல அப்படி யாராலயும் ஆபத்து இல்ல, அப்ப அந்த ஃபாரத்துல என்ன கதை எழுதுவாங்க? நீங்க வெத்துல கையெழுத்து போட்டிருக்கீங்களே, அதுல எழுதுற ஒவ்வொரு பொய்யும் உங்க வாயால சொன்னதாத்தான் கணக்கு. விசா விண்ணப்பத்துல பொய் தகவல், பொய் பத்திரம் போனா விண்ணப்பத்தை ஒதுக்கி மூணு வருஷம் வேற விசா கொடுக்காம நிறுத்த ஒரு விதி இருக்கு, "ஏஜெண்டு எழுதுனாரு எனக்குத் தெரியாது"ன்னு சொல்லி அதுல இருந்து தப்பிக்கிறது ரொம்ப கஷ்டம்.

விண்ணப்பம் போட்டதும் பிரிட்ஜிங் விசா வரும்ங்கிறது உண்மைதான், பல பேருக்கு வேலை அனுமதியோட கூட வந்திருக்கு, அதனாலதான் இந்த வியாபாரம் இத்தனை வருஷமா ஓடுது. ஆனா அது கேஸ் முடியிற வரைக்கும் கொடுக்கிற தற்காலிக ஒதுங்கிடம் மட்டும்தான். நம்ம நாட்டுக்காரங்க போட்ட இந்த விண்ணப்பங்கள்ல மிகப் பெரும்பாலானது நிராகரிக்கப்பட்டிருக்கு. நிராகரிச்சு அப்பீலும் தோத்துப்போச்சுன்னா பிரிட்ஜிங் விசா முடியும், நாட்டுக்குள்ள இருந்துக்கிட்டே வேற விசா போடுறதுக்கும் அநேகமா கதவு சாத்திடும். அதுக்கு மேலயும் தங்கி, விசா முடிஞ்சு 28 நாள் தாண்டி வெளியேறுனா தற்காலிக விசாக்களுக்கு மூணு வருஷத் தடை. உங்க வயசை வச்சு ஒரு கணக்கு போடுங்க. 27ல போறீங்க, ஒரு வருஷம் ஓடி 28ல திரும்புறீங்க, மூணு வருஷத் தடை முடியறப்ப 31. இந்த 31ங்கிற நம்பரை ஞாபகம் வச்சுக்குங்க, கீழ வருது.

என்கிட்ட வந்த ஒரு பையன், பக்கத்து தோட்டம்தான், இதே மாதிரி போயி திரும்பி வந்தவன். ஒரு வீட்டுல பன்னெண்டு பேராம், ஆளுக்கு வாரா வாரம் படுக்கைக்கு ஒரு பிடித்தம், வேனுக்கு ஒரு பிடித்தம், பறிச்ச பழத்தை தொட்டிக் கணக்குல எண்ணி கான்ட்ராக்டர் கையில கொடுக்கிறது ஒரு நாள் இருபது டாலர் கூட தேறாதாம். எதிர்த்துக் கேட்டா "இமிகிரேஷனுக்கு ஃபோன் போடவா"ன்னு ஒரே பதில். எனக்கு அதைக் கேட்டப்ப என் தாத்தா சொன்ன கங்காணி கதைதான் நெஞ்சுல வந்து நின்னுச்சு, முன்பணம் வாங்கி கப்பல் ஏறி, கடன் தீர்ற வரைக்கும் வாய் திறக்க முடியாம லயத்துல கிடந்தது. அந்த நாட்டு சட்டம் அப்படி ஒண்ணும் மோசம் இல்ல, 2022 ஏப்ரல்ல இருந்து தொட்டிக் கணக்குல கொடுத்தாலும் மணிக்கு இவ்வளவுன்னு குறைஞ்சபட்ச சம்பளம் கட்டாயம், விசா சரியில்லாதவங்களுக்கும் உழைச்ச கூலி உரிமை உண்டுன்னு 2023ல சட்டத்துலயே தெளிவா எழுதிட்டாங்க. ஆனா பயத்துல இருக்கிறவன் போயி கேட்கணுமே. அந்தப் பையனுக்கு இப்படி ஒரு உரிமை இருக்குன்னே தெரியாது.

இப்ப நல்ல சேதி. நீங்க கடிதத்துல வெட்கப்பட்டு எழுதியிருக்கீங்க, "டிகிரி முடிக்கல, நான் எதுக்கும் லாயக்கில்ல"ன்னு. அந்த முடிக்காத டிகிரிதான் உங்க சாவி தம்பி. ஆஸ்திரேலியாவுல வொர்க் அண்ட் ஹாலிடேன்னு ஒரு விசா இருக்கு, 462ன்னு நம்பர். மலேசிய பாஸ்போர்ட் காரங்களுக்கு வருஷத்துக்கு 1,100 இடம். விண்ணப்பிக்கிறப்ப வயசு 18ல இருந்து 30க்குள்ள இருக்கணும், 31 ஆயிடக்கூடாது. படிப்பு, டிகிரி டிப்ளோமா மாதிரி உயர்கல்வி தகுதி, இல்லன்னா யூனிவர்சிட்டியில குறைஞ்சது ரெண்டு வருஷம் வெற்றிகரமா முடிச்சிருக்கணும். நீங்க முடிச்சிருக்கீங்க! அந்த ட்ரான்ஸ்கிரிப்டை யூனிவர்சிட்டியில கேட்டு வாங்குங்க, முதல் வேலை அதுதான். இங்கிலீஷ் ரொம்ப உசத்தியா வேணாம், ஐஈஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் பரீட்சையில சராசரி 4.5 போதும். இந்த விசாவுல பன்னெண்டு மாசம் இருக்கலாம், வேலை பார்க்கலாம், ஒரே முதலாளிகிட்ட பொதுவா ஆறு மாசத்துக்கு மேல கூடாது, பழத்தோட்டத்துல சட்டப்படி மூணு மாசம் குறிப்பிட்ட பகுதியில வேலை பார்த்திருந்தா ரெண்டாவது வருஷத்துக்கும் கேட்கலாம். முதல் விசாவை வெளிநாட்டுல இருந்துதான் போடணும், அதாவது இங்க வீட்டுல இருந்தே.

விசா கட்டணம் அறுநூறு டாலருக்கு மேல போகும். கையிருப்பா 5,000 டாலர் பக்கம் காட்டணும், நம்ம காசுக்கு பதினாலு பதினஞ்சாயிரம் வெள்ளி, பாருங்க, ஏஜெண்டு கேட்ட தொகை கிட்டத்தட்ட அதேதான், ஆனா இது உங்க பேர்ல உங்க பேங்க்லயே இருக்கும், அங்க போயி முதல் மாசம் ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நீங்களே எடுத்து செலவு பண்ணலாம். அவ்வளவு சேர்க்க ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்ல, உங்களுக்கு வயசு இன்னும் இருக்கு. கடன் வாங்கி மட்டும் காட்டாதீங்க.

வேற யாராவது வந்து "பண்ணை விசா இருக்கு, பால்ம் திட்டத்துல அனுப்புறேன்"னு சொன்னா நம்பாதீங்க, அது பசிபிக் தீவு நாடுகளுக்கும் திமோர் லெஸ்தேக்கும் மட்டும்தான், நமக்கு கிடையாது. ஸ்பான்சர் பண்றேன் அதுக்கு இத்தனை ஆயிரம் கொடுன்னு முதலாளி காசு கேட்குறதும் அந்த நாட்டுல குற்றம்.

இனி அந்த 5,000 வெள்ளியும் பாஸ்போர்ட்டும். பாஸ்போர்ட் உங்களோடதும் இல்ல ஏஜெண்டோடதும் இல்ல, அது அரசாங்கத்தோட சொத்து, அடுத்தவங்க பாஸ்போர்ட்டை சட்டப்படி அனுமதி இல்லாம கையில வச்சிருக்கிறது 1966ஆம் வருஷ கடப்பிதழ் சட்டத்துல குற்றம். முதல்ல வாட்ஸ்அப்ல, ஃபோன்ல இல்ல, எழுத்துல, "எனக்கு இந்த ஏற்பாடு வேணாம், பாஸ்போர்ட்டையும் 5,000 வெள்ளியையும் கையெழுத்து போட்ட ஃபாரங்களையும் ஏழு நாள்ல திருப்பிக் கொடுங்க"ன்னு மரியாதையா அனுப்புங்க. சண்டை போடாதீங்க, திட்டாதீங்க, பழைய மெசேஜ் ஒண்ணையும் அழிக்காதீங்க. அவர் வாய்ஸ் மெசேஜ்ல "டூரிஸ்டா இறங்கு"ன்னு சொன்னது இருந்தா அது தங்கம், இன்னொரு ஃபோன்லயும் சேமிச்சு வைங்க.

ஏழு நாள்ல பதில் இல்லன்னா போலீஸ் ரிப்போர்ட். வெத்து ஃபாரத்துல கையெழுத்து போட்டதையும் அதுல கட்டாயம் சொல்லணும், பின்னாடி அந்த ஃபாரம் எங்கயாவது தலை காட்டுனா இந்த ரிப்போர்ட்தான் உங்களுக்கு கவசம். வேலைக்கு ஆள் அனுப்புறவங்களுக்கு 1981ஆம் வருஷ தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி லைசன்ஸ் வேணும், இல்லாம நடத்துனா 200,000 வெள்ளி வரைக்கும் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டும். லைசன்ஸ் இருக்கா இல்லையான்னு ஈப்போ தொழிலாளர் இலாகாவுல கேளுங்க, புகாரும் அங்கயே கொடுக்கலாம். ஏமாத்துனது நிரூபணமானா தண்டனைச் சட்டம் 420 தனியா இருக்கு.

காசைத் திருப்பி வாங்க பயனீட்டாளர் தீர்ப்பாயம் போங்க. அங்க 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, பிரச்சனை நடந்து மூணு வருஷத்துக்குள்ள போடணும். பொதுவா வக்கீல் வச்சு வாதாட அங்க அனுமதி இல்ல, அதனால எனக்கு ஃபீஸ் கொடுக்க வேணாம், ஃபாரத்தை எப்படி நிரப்பறதுன்னு மட்டும் நான் காட்டித் தர்றேன். கார்பன் ரசீது மோசமா இருந்தாலும் ரசீது ரசீதுதான், கூடவே பேங்க்ல இருந்து பணம் எடுத்த ஸ்டேட்மெண்ட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் சேர்த்தா போதும்.

சனிக்கிழமை காலையில ஆபீஸ் வாங்க. ஐசி (அடையாள அட்டை), ரசீது, ஃபோன், அதோட அம்மாவோட அடகு சீட்டையும் மறக்காம எடுத்துட்டு வாங்க. அடகு வச்ச நாள்ல இருந்து ஆறு மாசம்தான் மீட்கிற கெடு, நீங்க வச்சு ரெண்டு மாசம் ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க, தீர்ப்பாயத்துல காசு வர்றதுக்கு முன்னாடி கெடு வந்துடுச்சுன்னா வட்டியைக் கட்டி புதுப்பிச்சுக்குங்க, சங்கிலி ஏலத்துக்குப் போயிடக்கூடாது.