மனைவி பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் ஒன்று, ஆதாரில் ஒன்று: இப்போதே திருத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 68. மெட்ராஸ் ரெஜிமெண்டில் 24 ஆண்டுகள் பணியாற்றி, 2000-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். ஊர் கணியம்பாடி பக்கம். டிஸ்சார்ஜ் புக்கிலும் (படையிலிருந்து விடுவித்தபோது தந்த புத்தகம்) பி.பி.ஓ.விலும் (ஓய்வூதிய ஆணை) மனைவி பெயர் சரோஜா. ஆதார், பான், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் சரோஜினி. படைவீரர் ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷில் அவருடைய பிறந்த தேதி காலியாக இருக்கிறது. என் பிறந்த தேதி ஆதாரில் ஓராண்டு மாறியிருக்கிறது. மாவட்டம் இன்னும் வட ஆற்காடு என்றே இருக்கிறது. பென்ஷன் மாதாமாதம் ஒழுங்காக வருகிறது. இதற்கெல்லாம் அலையத்தான் வேண்டுமா ஐயா? 8,000 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: அலையத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் சொன்ன நான்கில் இரண்டுக்கு மட்டும்தான். மனைவியின் பெயரும் அவருடைய பிறந்த தேதியும் உடனே திருத்த வேண்டியவை. உங்கள் பிறந்த தேதிக்கு வழி வேறு. மாவட்டப் பெயர் பிழையே அல்ல.

பென்ஷன் ஒழுங்காக வருவதால் பிழை இல்லாதது போலத் தெரிகிறது. உங்கள் காலத்துக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போதுதான் அது தலைதூக்கும். பி.பி.ஓ.வில் உள்ள சரோஜாவும் ஆதாரைக் கையில் வைத்திருக்கும் சரோஜினியும் ஒருவரே என்று அன்று உங்கள் மனைவிதான் நிரூபிக்க வேண்டும். வாரிசுச் சான்று, சாட்சிகள், படைவீரர் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸோடு கடிதப் போக்குவரத்து என்று மாதங்கள் ஓடும். இன்று அதையே சொல்ல உங்கள் கையெழுத்து இருக்கிறது. படைவீரரே உயிரோடிருந்து "இவர்தான் என் மனைவி" என்று எழுதித் தருவதைவிட வலுவான சான்று வேறு இல்லை.

கணக்குக்காக உங்கள் அடிப்படை ஓய்வூதியம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 50 சதவீதம், சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். ஆகவே மனைவிக்கு ஏறத்தாழ 12,000 ரூபாய், அகவிலைப்படி தனி. ஓய்வு பெற்றவர் இறந்தபின் ஏழு ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கூடுதல் விகிதம், அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள்வரைதான். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். எட்டு மாதம் இழுத்தால் 96,000 ரூபாய் தேங்கும். நிலுவையாகப் பிறகு வந்தாலும், அந்த எட்டு மாதமும் வீட்டுச் செலவு நிற்காது.

பிறந்த தேதி காலியாக இருப்பது சத்தமில்லாத இழப்பு. 80 வயதில் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100-ல் 100 சதவீதம் என்று குடும்ப ஓய்வூதியமும் கூடும். 12,000 ரூபாய்க்கு 80 வயதில் 2,400 ரூபாய். தேதி பதிவில் இருந்தால் அது தானாக ஏறும். இல்லாவிட்டால் யாராவது கேட்கும்வரை ஏறாது. 80 வயதுப் பாட்டி எங்கே போய்க் கேட்பார்?

இனி வேலையைப் பார்ப்போம். டிஸ்சார்ஜ் புக், முதல் பி.பி.ஓ., அதன்பின் வந்த திருத்த பி.பி.ஓ.க்கள், ஸ்பர்ஷில் எடுத்த பி.பி.ஓ. பிரதி, இருவரின் ஆதார், பான், வங்கிப் புத்தகம், திருமணப் பதிவு இருந்தால் அது என எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் மனைவியின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பாதிப் பிழைகள் தமிழில் தெரியாது, ஆங்கிலத்தில்தான் தெரியும். தந்தை இனிஷியலா கணவர் இனிஷியலா என்பது நம் ஊரில் தீராத சிக்கல். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்திலும் எழுதுங்கள்.

எதை மாற்றுவது என்பது அடுத்த கேள்வி. உங்கள் வீட்டில் எல்லா ஆவணங்களும் சரோஜினி. ராணுவப் பதிவு மட்டும் சரோஜா. ஆகவே ராணுவப் பதிவைத்தான் திருத்த வேண்டும். ஸ்பர்ஷில் செல்பேசி எண், முகவரி போன்றவற்றை நீங்களே மாற்றலாம். பெயரும் குடும்ப விவரமும் ரெக்கார்டு ஆபீஸ் வழியாகத்தான் போகும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரியில் உள்ள வெலிங்டன். (மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப்படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈ.எம்.ஈ.க்கு செகந்திராபாத்.)

பெயர் மாற்றத்துக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்பது ரெக்கார்டு ஆபீஸுக்கு ரெக்கார்டு ஆபீஸ் கொஞ்சம் மாறும். பிரமாணப் பத்திரம் நோட்டரி முன் போதுமா, முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன் வேண்டுமா, பத்திரிகை விளம்பரம் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கேட்காமல் நோட்டரியிடம் முடித்து அனுப்பி, "நடுவர் முன் வேண்டும்" என்று திரும்பி வந்து, மறுபடி சத்துவாச்சாரி நீதிமன்றத்துக்கு நடப்பவர்கள் நிறைய.

பிரமாணப் பத்திரத்தில் உங்கள் ராணுவ எண், ரேங்க், பெயர், பி.பி.ஓ. எண், திருமண நாள், பதிவில் உள்ள பெயர், சரியான பெயர், இரண்டும் ஒருவரே என்ற வாக்கியம், மனைவியின் பிறந்த தேதி ஆகியவை இருக்க வேண்டும். பெயரையும் பிறந்த தேதியையும் ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் இருமுறை காத்திருக்க வேண்டும். தேதிக்கு ஆதார், பான், வாக்காளர் அட்டைப் பிரதிகளை இணையுங்கள், ஆனால் மூன்றிலும் ஒரே தேதி இருந்தால் மட்டும். ஒன்று மாறினால் முதலில் அதைத் திருத்துங்கள். இருவரும் சேர்ந்த புகைப்படமும் வையுங்கள். டிஸ்சார்ஜ் புக்கின் பிரதியை மட்டும் அனுப்புங்கள். அசலை எக்காரணம் கொண்டும் தபாலில் போடாதீர்கள். ஸ்பீடு போஸ்ட் ரசீது பத்திரம்.

ரெக்கார்டு ஆபீஸ் மாற்றத்தை ஏற்றால் அதைப் பதிவு செய்யும் ஆணையான பார்ட்-டூ ஆர்டர் வெளியிடும். அந்தக் கடிதம் கைக்கு வந்ததும் பலர் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து விடுகிறார்கள். முடியவில்லை. அதன் அடிப்படையில் பிரயாக்ராஜ் ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்திலிருந்து திருத்த பி.பி.ஓ. வர வேண்டும், ஸ்பர்ஷில் நுழைந்தால் சரோஜினி என்ற பெயரும் தேதியும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பார்ட்-டூ ஆர்டர் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு ஸ்பர்ஷ் குறைதீர்ப்புப் பகுதியில் பதிவு செய்யுங்கள். ரெக்கார்டு ஆபீஸ் பதிலே போடவில்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் "என் விண்ணப்பத்தின் மீது எடுத்த நடவடிக்கை, பார்ட்-டூ ஆர்டர் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

உங்கள் பிறந்த தேதி விஷயத்தில் எதிர்த்திசையில் போங்கள். சேர்க்கையின்போது பதிந்த தேதியை ஓய்வுக்குப் பின் மாற்றக் கேட்பது வீண் முயற்சி. பணியின் கடைசிக் காலத்தில் கேட்டவர்களையே நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. எனவே ஆதாரை ராணுவப் பதிவுக்கு ஒத்துப்போகும்படி மாற்றுங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் மாற்ற முடியும். ஆகவே உரிய சான்றோடு போய், ஆபரேட்டர் தட்டச்சு செய்த தேதியைத் திரையில் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். 05-07 என்பது 07-05 ஆவது அடிக்கடி நடக்கிறது.

வட ஆற்காடு? 1989-ல் அந்த மாவட்டம் பிரிந்தது, 2019-ல் வேலூர் மாவட்டமும் மூன்றானது. நீங்கள் படையில் சேர்ந்தபோது அதுதான் சரியான பெயர். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு படைவீரர்கள் உள்ள ஊர்களில் பழைய டிஸ்சார்ஜ் புக்குகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். தற்போதைய முகவரியை மட்டும் ஸ்பர்ஷில் புதுப்பியுங்கள். பிரமாணப் பத்திரத்தில் இதையும் பிழை என்று சேர்த்தால் கோப்பு தேவையில்லாமல் சுற்றும்.

அந்த 8,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கையெழுத்தும் பிரமாணமும் உங்களுடையவை. இடையில் நிற்பவர் செய்வது தபால் வேலை மட்டும். ஸ்பர்ஷ் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் அவரிடம் சொன்னால் வங்கிக் கணக்கையே மாற்றிவிட முடியும்.

கூடவே மூன்று வேலை. பென்ஷன் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் மனைவியோடு கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். பிள்ளைகளில் யாராவது மாற்றுத்திறனாளியாக இருந்து சொந்தமாகச் சம்பாதிக்க முடியாத நிலை என்றால், மருத்துவச் சான்றோடு அவர் பெயரையும் இப்போதே பதியுங்கள். பெற்றோருக்குப் பிறகு அவருக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஓய்வுக்குப் பின் டி.எஸ்.சி.யில் (பாதுகாப்புத் துறை இடங்களைக் காக்கும் படைப்பிரிவு) சேர்ந்து இரண்டாவது பென்ஷன் வாங்குபவராக இருந்தால் கண்ணூர் ரெக்கார்டு ஆபீஸுக்கும் இதே விண்ணப்பத்தின் இன்னொரு பிரதி போக வேண்டும். ஒரு பி.பி.ஓ.வில் திருத்தியது மற்றொன்றில் தானாக ஏறாது.