‘சரி’ என்று மட்டும் போட்டால் கோபமா?

“சரி.” என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டதற்குத் தோழி இரண்டு நாளாகப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் உங்கள் கட்சிதான். நேரில் என்றால் முகமும் தலையாட்டலும் பாதி பேசிவிடும். திரையில் அந்தச் சொல்லும் முற்றுப்புள்ளியும்தான் மிஞ்சும். (அந்தப் புள்ளியை முதலில் விடுங்கள்!) அவர் எழுதியதிலிருந்தே ஒன்றை எடுத்துச் சேருங்கள்: “சரி, சனிக்கிழமை வந்துடறேன்”. மூன்றே சொல், ஆனால் முழுசாகப் படித்தீர்கள் என்று தெரியும்.

நேர்ப்பேச்சில் சிக்கல் வேறு. ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க சராசரியாக 0.2 நொடிதான் ஆகிறது. நாம் யோசிப்பதற்குள் இன்னொருவர் புகுந்துவிடுவார். “இருங்க, யோசிச்சுச் சொல்றேன்” என்று இடம் பிடித்துவையுங்கள்.

தோழிக்கு மட்டும் இன்றே போன் போட்டுவிடுங்கள். இதை இன்னொரு மெசேஜில் சரிக்கட்ட முடியாது.