பிழைத்த 60 நாவல் கன்றும் நோய் தாங்கும் ரகமா?

பிழைத்த 60 கன்றையும் நோய் தாங்குபவை என்று இப்போதே பிரிக்காதீர்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் புல்வெளியில் 200 காட்டு நாவல் நட்டு, டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் 140 வேரழுகலில் போய்விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மாதத்தைப் பார்த்தால் வேரழுகலைவிட உறைபனி மேல்தான் எனக்குச் சந்தேகம். தெளிந்த இரவில் குளிர்காற்று இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நிழலில்லாமல் நிற்கும் சோலைக்காட்டு மரக் கன்று அதைத் தாங்காது.

1. வாடிக்கொண்டிருக்கும் ஐந்தாறு கன்றை வேரோடு தோண்டுங்கள். செத்து நாளானது வேண்டாம், அதன் வேர் எப்படியும் அழுகியிருக்கும். இலையும் நுனியும் கருகி, வேர் உள்ளே வெளுப்பாக உறுதியாக இருந்தால் பனி. வேர் பழுப்பாகி, தோல் விரலோடு உருவி வந்தால் அழுகல்.

2. செத்த இடங்களைத் தாளில் படமாகக் குறியுங்கள். பள்ளத்திலேயே அதிகம் செத்திருந்தால் பனியாக இருக்கலாம். ஆனால் பள்ளத்தில்தான் தண்ணீரும் தேங்கும், அதனால் படத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

அழுகல்தான் என்றாலும் பிழைத்தது நோய்க்கிருமியைச் சந்திக்காமலே தப்பியிருக்கலாம். ஹவாய்த் தீவுகளில் கோவா (koa) என்ற அந்த ஊர்க் காட்டு மரத்துக்குப் பூஞ்சையால் வரும் வாடல் நோய்க்கு, தாய்மரம் வாரியாக விதை எடுத்து, நாற்றுகளுக்குப் பூஞ்சையைக் கொடுத்துப் பார்த்து, தாங்கிய குடும்பங்களை, அதாவது ஒரே தாய்மரத்து நாற்றுகளை, வயலில் நட்டார்கள். பூஞ்சை கொடுக்கிற வேலை நமக்கு வேண்டாம், அதற்கு ஆய்வகம் வேண்டும். தாய்மரத்துக்கு ஒரு சீட்டு கட்டி, எல்லா மரத்துக் கன்றையும் மேடு, சரிவு, பள்ளம் மூன்றிலும் கலந்து நட்டாலே பாதி குழப்பம் தீரும். இப்போது எந்தக் கன்று எந்த மரத்தது என்று தெரியுமா?

சரி, இன்னொன்று: தோண்டிய மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குப் போகாதீர்கள்.