குளிர் அணு ஆராய்ச்சிக்கு மகளை அனுப்பலாமா?

"கண்ணாடிக்கு நடுவில் அணு கோலம் போடுவதைப் படித்தால் சோறு போடுமா" என்று கேட்டிருக்கிறீர்கள், ஐயா. நியாயமான கேள்விதான். முதலில் கோலத்தைப் பார்த்துவிடுவோம்.

2010இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் உள்ள ஈடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வகத்தில், 178 மைக்ரோமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நின்ற இரு கண்ணாடிகளுக்கு நடுவே கிட்டத்தட்ட மைனஸ் 273 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்த சுமார் ஒரு லட்சம் ரூபிடியம் (ஓர் உலோகம்) அணுக்களை வைத்து, பக்கவாட்டில் லேசர் அடித்தார்கள். லேசர் மங்கலாக இருக்கும்வரை அணுக்கள் சிதறடிக்கும் ஒளி ஒன்றையொன்று அழித்துவிடும். சக்தி ஒரு வரம்பைத் தாண்டியதும் எங்கோ நேர்ந்த சிறு அடர்த்தி வேறுபாடு போதும். கண்ணாடிகளுக்குள் ஒளி சேரும், அந்த ஒளியே அணுக்களைச் சதுரங்கக் கட்டம்போல் அடுக்கும், அடுக்க அடுக்க ஒளி இன்னும் கூடும். அணுக்கள் அமர்வது கறுப்புக் கட்டங்களிலா வெள்ளைக் கட்டங்களிலா என்பதை யாரும் தீர்மானிப்பதில்லை.

ஆனால் உங்கள் மகளின் நாள் இதில் கழியாது. அந்தக் கண்ணாடி ஒரு பிக்கோமீட்டர், அதாவது அணுவின் அகலத்தில் நூறில் ஒரு பங்கு, நகர்ந்தாலே லேசர் ஒளியோடு கண்ணாடி இடைவெளிக்கு உள்ள ஒத்திசைவு போய்விடும். நகர்வை அளந்து உடனே திருத்தி அதைப் பிடித்து நிறுத்தும் பின்னூட்ட மின்சுற்று, லேசரை ஒரே அலைநீளத்தில் நிலையாக நிறுத்துவது ('லாக்' செய்வது), வெற்றிடக் கலத்தைக் கட்டுவது: வேலை இதுதான். கலத்துக்குள் ஒரு விரல்ரேகை பட்டாலும் அழுத்தம் இறங்காது. கழுவி, திரும்ப மாட்டி, நாள்கணக்கில் சூடேற்ற வேண்டும். அணுக் கடிகாரம், குவாண்டம் கணினி, லேசர் நிறுவனங்கள் சம்பளம் கொடுப்பது இந்தக் கைத்திறனுக்கு. கோலத்துக்கு அல்ல.

வழி: பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கும்போது, எம்.எஸ்சி. சேர ஜாம் நுழைவுத்தேர்வு. எம்.எஸ்சி.யில், பிஎச்.டி. சேர ஜெஸ்ட், நெட், கேட் தேர்வுகள். ப்ராஜெக்ட்டுக்குக் கணினிக் கணக்கை எடுக்காமல், டயோடு லேசரை ரூபிடியம் உறிஞ்சும் 780 நானோமீட்டர் அலைநீளத்தில் லாக் செய்யும் வேலையைக் கேட்டு வாங்கட்டும். பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் குளிர் அணு ஆய்வகம் உண்டு. ஜெ.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் ரூ.37,000, வீட்டு வாடகைப்படி தனி. சூரிச்சுக்குப் பொது நுழைவுத்தேர்வு கிடையாது; எம்.எஸ்சி. முடித்து, ஆய்வுக் குழுவுக்கே நேரடியாக எழுத வேண்டும். அங்கே பிஎச்.டி. என்பது சம்பள வேலை.

சேருமுன் வழிகாட்டியிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: "கருவி இப்போது ஓடுகிறதா?" இல்லையென்றால் முதல் இரண்டு மூன்று வருடம் கட்டுவதிலேயே போகும். கட்டப் பிடிக்கும் பிள்ளைக்கு அது வரம். முடிவுகளுக்கு அவசரப்படுகிறவள் என்றால் வேறு ஆய்வகம் பாருங்கள்.